அப்பா வீட்டில் இல்லாததால்தான் பையன் அடிக்கிறானா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏழு வயதுப் பையன், இரண்டாம் வகுப்பு. ஒன்றரை வருஷமாக அம்மாவும் அவனும் மட்டும் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அப்பா குடிப்பார், குடித்துவிட்டு வந்தால் அம்மாவுக்கு அடி விழும், பாத்திரம் பறக்கும். அதனால்தான் அம்மா பிரிந்து வந்தார். இப்போது பையன்மேல் பள்ளியில் மூன்று முறை புகார் வந்துவிட்டது. ஒருவனைக் கடித்திருக்கிறான், இன்னொருவனைப் பென்சிலால் குத்தியிருக்கிறான், வீட்டில் போனை வாங்கி வைத்தால் அம்மாவையே அடிக்கிறான். டீச்சர் "வீட்டில் அப்பா இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். தாய்மாமன் "ஆம்பளை அதட்டல் இல்லாத வீட்டில் பிள்ளை எப்படி வளரும்" என்கிறார். மாமியார் வீட்டிலிருந்து "பிள்ளைக்காகவாவது திரும்பி வா" என்று தூது வந்துகொண்டே இருக்கிறது. இவர்கள் சொல்வது சரிதானா, நான் திரும்பிப் போனால் இவன் சரியாகிவிடுவானா என்று அந்த அம்மா கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பிள்ளைக்காக என்று திரும்பிப் போகாதீர்கள். அவர் குடியை விட்டு, நீங்களும் மனதார விரும்பி, வேறு காரணங்களுக்காகப் போவதென்றால் அது உங்கள் முடிவு, அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அப்பா பக்கத்தில் இருந்தாலே பையன் கை நீட்டுவதை நிறுத்திவிடுவான் என்ற ஒரே நம்பிக்கையில் போனால் நீங்கள் ஏமாந்துபோவீர்கள், அவனும் இன்னும் மோசமாவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். குழந்தைகள் மனநல ஆலோசனையில் பல வருஷமாக இருக்கிறேன், ஏறக்குறைய இதே கதையோடு வந்த அம்மாக்கள் நிறையப் பேர். ஆனால் என் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. இந்தக் கேள்விக்காகவே பிள்ளைகளை வருஷக்கணக்கில், சில இடங்களில் அவர்கள் நடுவயது ஆகும்வரைகூட, பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். அடிப்பது என்பது பிள்ளை எங்கிருந்தோ புதிதாகக் கற்றுக்கொண்டு வரும் கெட்ட பழக்கம் என்று நாம் நினைக்கிறோம். கனடாவில் மான்ட்ரியலைச் சேர்ந்த ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே என்ற ஆய்வாளர் கைக்குழந்தையிலிருந்தே கணக்கெடுக்க ஆரம்பித்தபோது படம் தலைகீழாக இருந்தது. மனிதர்கள் வாழ்நாளிலேயே அதிகமாக அடிப்பதும் கடிப்பதும் தள்ளுவதும் இரண்டு வயதிலிருந்து நான்கு வயதுக்குள்தான். அதற்கப்புறம் பெரும்பாலான பிள்ளைகளிடம் அது வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. அதாவது எல்லாப் பிள்ளைகளும் அடிக்கத் தெரிந்துதான் வருகிறார்கள், அடிக்காமல் இருக்கத்தான் மெதுவாகக் கற்றுக்கொள்கிறார்கள். அவர் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில் 17 மாதத்திலிருந்து 42 மாதம்வரை பார்த்த குழந்தைகளில் சுமார் 14 சதவீதம் பேர்தான் அடிதடி மிக அதிகமாக இருந்து மேலும் ஏறிக்கொண்டே போன கூட்டம். அந்தக் கூட்டத்தில் சேர வாய்ப்பைக் கூட்டியவை எவை என்று பார்த்தால், வருமானம் குறைவு, மிகச் சின்ன வயதில் தாயானது, கர்ப்பத்தில் புகைபிடித்தது, அப்புறம் அம்மாவும் அப்பாவும் ஒத்துப்போகாமல் இருந்தது. ஆக, உங்கள் பையனை "ஏன் கெட்டுப்போனான்" என்று பார்க்காமல், எல்லாரும் ஐந்து ஆறு வயதுக்குள் படிக்கிற பாடத்தை இவன் படிக்க முடியாமல் எது தடுத்தது என்று பாருங்கள். இவன் அதைப் படித்திருக்க வேண்டிய வயதில் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று உங்களுக்கே தெரியும்.

சரி, அப்பா இல்லாத வீடு என்ற விஷயத்துக்கு வருவோம். பெரிய கணக்கெடுப்புகளை மேலோட்டமாகப் பார்த்தால், இரண்டு பெற்றோரும் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளைவிட ஒற்றைப் பெற்றோர் வீட்டுப் பிள்ளைகளிடம் அடிதடி, கீழ்ப்படியாமை, பள்ளிப் புகார் எல்லாம் சராசரியாகக் கொஞ்சம் அதிகம்தான். இதை மறைக்க வேண்டியதில்லை. உங்கள் அண்ணன் இதை எங்காவது படித்துவிட்டுச் சொல்லியிருந்தால் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வித்தியாசம் சின்னது, இரண்டு பக்கமும் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அதைவிட, அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்தவர்கள் கண்டதுதான் உங்களுக்குத் தேவைப்படுவது.

ஷெப்பர்ட் கெல்லம் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவும் 1960களில் சிகாகோவின் தெற்குப் பகுதியில் வுட்லான் என்ற ஏழைக் கறுப்பின மக்கள் குடியிருப்பில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரின் குடும்பத்தையும் பார்த்தார்கள். வீட்டில் யார் யார் பெரியவர்கள் என்று எழுதிக்கொண்டே போனால் 86 விதமான குடும்ப அமைப்புகள் வந்தன. அம்மா அப்பா, அம்மா மட்டும், அம்மாவும் பாட்டியும், அம்மாவும் அத்தையும், இப்படி. பள்ளியில் மோசமாகத் திண்டாடிய பிள்ளைகள் அதிகம் இருந்தது அம்மா மட்டுமே தனியாக இருந்த வீடுகளில். அம்மாவும் பாட்டியும் சேர்ந்து வளர்த்த வீடுகள், அம்மாவும் அப்பாவும் இருந்த வீடுகளுக்குக் கிட்டத்தட்டச் சமமாக நின்றன. மாற்றாந்தகப்பன் வந்த வீடுகளோ, அங்கே ஓர் ஆண் இருந்தும்கூட, அம்மா தனியாக இருந்த வீடுகள் அளவுக்கே சிரமப்பட்டன. 1977இல் அவர்கள் எழுதிய முடிவு என்னவென்றால், அப்பா இல்லை என்பதைவிட அம்மா தனித்து விடப்பட்டிருக்கிறாள் என்பதுதான் பிள்ளைக்கு ஆபத்து. எத்தனையோ ஆய்வு படித்திருக்கிறேன், இந்த ஒன்றை மட்டும் பல அம்மாக்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். கேட்டதும் அழுதவர்களும் உண்டு. ஏனென்றால் இல்லாத அப்பாவை அவர்களால் கொண்டுவர முடியாது, ஆனால் தங்கள் தனிமையை ஓரளவாவது குறைக்க முடியும்.

இன்னொன்று ஜோன் மெக்கார்ட் செய்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1930களின் கடைசியில் ஒரு திட்டத்தில் இருந்த சிறுவர்களை அவர் நடுவயதுவரை தேடிப் பிடித்து, யார் யார் பெரிய குற்றங்களில் மாட்டினார்கள் என்று பார்த்தார். 1982இல் வந்த கணக்கு இது. அப்பாவை இழந்து, அம்மாவின் அன்பும் கிடைக்காமல் வளர்ந்தவர்களில் 62 சதவீதம். அப்பா அம்மா இருவரும் சேர்ந்தே இருந்து ஓயாமல் சண்டை போட்ட வீட்டில் 52 சதவீதம், அங்கே அம்மா எவ்வளவு பாசமாக இருந்தாலும் இந்த எண் குறையவில்லை. இருவரும் சண்டையில்லாமல் இருந்த வீட்டில் 26. அப்பா இல்லாமல், பாசமான அம்மா வளர்த்த வீட்டில் 22. இதில் 52, 22 என்ற இரண்டு எண்களையும் உங்கள் மாமியார் வீட்டுத் தூதுவரிடம் ஒருமுறை சொல்லுங்கள். நீங்கள் விட்டு வந்த வீடு அந்த 52 பக்கம். இப்போது இருக்கிற வீடு 22 பக்கம் போகக்கூடிய வீடு. அமெரிக்காவில் அந்தக் காலத்துப் பையன்களைப் பற்றிய எண்கள்தான், அப்படியே நம் ஊருக்கு ஒட்டவைக்க முடியாது. ஆனால் லண்டனில் 411 பையன்களை 1961இலிருந்து பின்தொடர்ந்த ஆய்விலும் கிட்டத்தட்ட இதே வரிசைதான் வந்தது. பிரிந்த வீடும் சேர்ந்திருந்து சண்டை போடும் வீடும் ஏறக்குறைய ஒரே அளவு கெடுதல், பிரிந்தபின் அம்மாவோடு நிலையாக இருந்த பிள்ளைகள் பெரும்பாலும் தப்பித்துவிட்டார்கள்.

உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துவது 2003இல் சாரா ஜாஃபி, டெர்ரி மொஃபிட் குழு வெளியிட்டது. 1994, 1995இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த 1,116 ஜோடி இரட்டைப் பிள்ளைகள். அப்பா எத்தனை காலம் அதே வீட்டில் இருந்தார், அவர் எப்படிப்பட்டவர் என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஒழுங்கான அப்பா என்றால், அவர் வீட்டில் இருக்க இருக்கப் பிள்ளையின் முரட்டுத்தனம் குறைந்தது. அடிதடி, பொய், சட்டத்தை மீறுவது என்று இருந்த அப்பா என்றால், அவர் வீட்டில் இருந்த காலம் கூடக் கூடப் பிள்ளையின் முரட்டுத்தனமும் கூடியது. "அப்பா என்று ஒருவர் இருந்தால் போதும்" என்கிற பேச்சு இந்த இடத்தில் உடைந்துபோகிறது. அப்பாக்கள் வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. நல்ல அப்பா பிள்ளைக்குப் பெரிய பலம், அதே ஆய்வு அதையும்தான் காட்டுகிறது.

"அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு" என்று யாராவது அவன் காதுபடச் சொல்கிறார்களா? இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். முன்கோபம், துறுதுறுப்பு மாதிரியான சுபாவத்தில் கொஞ்சம் பரம்பரையாக வருவது உண்மைதான். ஆனால் அந்தச் சுபாவம் கை நீட்டுவதாக மாறுமா இல்லையா என்பதில் வீட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. நீ அவரைப்போலத்தான் ஆவாய் என்று ஏழு வயதில் கேட்டு வளர்கிற பிள்ளை அதை நம்பிவிடும்.

பிரிந்து ஒன்றரை வருஷம் என்றீர்கள். வர்ஜீனியாவில் மேவிஸ் ஹெதரிங்டன் 1970களில் 144 குடும்பங்களை எடுத்து, அதில் பாதி புதிதாக விவாகரத்தானவை, நான்கு வயதிலிருந்து பிள்ளைகளைப் பார்த்தார். முதல் வருஷம்தான் மிக மோசம். பையன்கள் முரண்டு பிடிப்பார்கள், அம்மாக்கள் அதட்டுவார்கள், கத்துவார்கள், களைத்துப்போய் விட்டுவிடுவார்கள், அடுத்த நாள் அதே கதை. இரண்டு வருஷம் ஆகும்போது பெரும்பாலான வீடுகள் ஓரளவு தரைக்கு வந்துவிட்டன. ஆனால் அம்மாவுக்கும் பையனுக்கும் இடையில் அந்த இழுபறி ஒரு பழக்கமாகவே உறைந்துபோன வீடுகளில் தொல்லை நீடித்தது. நீங்கள் இப்போது நிற்பது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். அதனால் இந்த இழுபறி எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்களால் மாற்றக்கூடிய இடம் இதுதான்.

ஓரிகன் மாநிலத்தில் யூஜீன் என்ற ஊரில் ஜெரால்ட் பேட்டர்சன் என்று ஒருவர் இருந்தார். பிள்ளைகளின் முரட்டுத்தனத்தை அறைக்குள் கூப்பிட்டுக் கேள்வி கேட்டுப் படிக்காமல், ஆட்களை வீட்டுக்கே அனுப்பி, ஓர் ஓரமாக உட்கார வைத்து, சில விநாடிக்கு ஒருமுறை யார் என்ன செய்தார்கள் என்று குறிக்கச் சொன்னார். அதிலிருந்து அவர் கண்டதை உங்கள் வீட்டிலேயே காட்டுகிறேன். ராத்திரி எட்டு மணி. நீங்கள் வேலையிலிருந்து வந்து சமைத்து முடித்திருக்கிறீர்கள். போனை வைத்துவிட்டுச் சாப்பிட வா என்கிறீர்கள். அவன் காதில் வாங்கவில்லை. நாலாவது தடவை சத்தமாகச் சொல்கிறீர்கள், அவனும் கத்துகிறான். போனைப் பிடுங்குகிறீர்கள், தட்டைத் தள்ளிவிடுகிறான், உங்கள் கையில் அடிக்கிறான். பக்கத்து வீட்டில் கேட்குமே என்ற பயம், நாள் முழுக்க நின்ற கால்வலி, "போ, எப்படியோ போ" என்று போனைக் கொடுத்துவிடுகிறீர்கள். உடனே அமைதி.

இந்த அமைதியில் இரண்டு பேரும் ஒவ்வொரு பாடம் படித்துவிட்டீர்கள். கத்தி, அடித்தால் அம்மா விட்டுக்கொடுப்பாள் என்று அவன் படித்தான். விட்டுக்கொடுத்தால் சத்தம் நிற்கும் என்று நீங்கள் படித்தீர்கள். அடுத்த நாள் நீங்கள் கொஞ்சம் தாக்குப்பிடிப்பீர்கள், அதனால் அவன் இன்னும் கொஞ்சம் பலமாக அடிப்பான். சில நாளில் நீங்கள் ஓங்கி ஒன்று வைப்பீர்கள், அவன் அடங்குவான், அன்றைக்கு உங்களுக்கு "அடித்தால்தான் கேட்கிறான்" என்ற பாடம். பலசாலி யாரோ அவர் பேச்சு நடக்கும் என்பதை இருவருமே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்தப் பாடத்தோடு அவன் காலையில் வகுப்புக்குப் போகிறான், பக்கத்துப் பையன் அழிரப்பரைத் தரவில்லை, பென்சிலால் குத்துகிறான். அங்கேயும் அது பலித்துவிடுகிறது. அழிரப்பர் கைக்கு வந்துவிட்டது.

இதில் உங்கள் குற்றம் என்று எதையும் நான் சொல்லவில்லை. களைத்துப்போன ஒரே ஆள் இருக்கிற எந்த வீட்டிலும் இதுதான் நடக்கும், இரண்டு பேர் இருக்கிற எத்தனையோ வீட்டிலும் நடக்கிறது. கூட்டுக்குடும்பத்தில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. அம்மா கூடாது என்பாள், தாத்தா சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுப்பார், சித்தப்பா அதட்டுவார், பாட்டி "பாவம் பச்சப்புள்ள" என்று இழுத்து மடியில் வைத்துக்கொள்வாள். நாலு பேர் நாலு சட்டம் போடுகிற வீட்டில் பிள்ளை சீக்கிரமே கண்டுபிடித்துவிடும், யாரிடம் எவ்வளவு கத்த வேண்டும் என்று. கூட்டுக்குடும்பம் உடைந்ததால்தான் பிள்ளைகள் முரடாகிவிட்டன என்று நம்மில் பலர் உருக்கமாகப் பேசுகிறோம். ஆள் எண்ணிக்கையைவிட, இருக்கிற ஆட்கள் ஒரே சொல்லில் நிற்கிறார்களா என்பதுதான் பிள்ளையைக் கட்டுகிறது. உங்கள் வீட்டில் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது, அதை அசையாமல் பிடித்துக்கொண்டால் அதுவே ஒரு வசதி.

அடிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் அண்ணன் கேட்கும் ஆம்பளை அதட்டல் என்பது நடைமுறையில் அடியாகத்தான் முடியும். "அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். 2016இல் எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கெய்லர் இருவரும் சுமார் 1,60,000 பிள்ளைகளைப் பற்றிய 75 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கையால் சும்மா தட்டுகிற அடியைத்தான் எடுத்துக்கொண்டார்கள், கம்பு, பெல்ட் எல்லாம் கணக்கில் இல்லை. அதுவுமே பிள்ளையின் முரட்டுத்தனம் கூடுவதோடுதான் சேர்ந்து வந்தது, நல்ல பலன் ஒன்றோடும் சேரவில்லை. முரட்டுப் பிள்ளைதானே அதிகம் அடி வாங்கும் என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. அதற்காகவே ஆரம்பத்தில் இருந்த முரட்டுத்தனத்தைக் கழித்துவிட்டு, பிற்பாடு என்ன ஆகிறது என்று பார்த்த ஆய்வுகளும் உண்டு, அங்கேயும் அடி வாங்கியவர்களிடம் அது கூடத்தான் செய்தது. அப்பா அம்மாவை அடித்ததைக் கண்ணால் பார்த்த பையனுக்கு மாமன் வந்து இன்னொரு அடி வைத்தால், அவன் பார்த்த பாடத்துக்கு மறுபதிப்பு மாதிரிதான்.

பணத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஒற்றைப் பெற்றோர் வீட்டுப் பிள்ளைகளிடம் தெரியும் வித்தியாசத்தில் பெரிய பங்கு பணக்கஷ்டத்தால் வருவது. வட கரோலைனா மலைப்பகுதியில் 1,420 பிள்ளைகளை ஜேன் காஸ்டெல்லோ குழு வருஷாவருஷம் பார்த்துவந்தபோது, நடுவில் அங்கே செரோக்கி பழங்குடி மக்கள் ஒரு சூதாட்ட விடுதி திறந்தார்கள். அதன் லாபத்தில் பழங்குடிக் குடும்பத்துக்கெல்லாம் பங்கு போனது. வறுமையிலிருந்து வெளியே வந்த வீட்டுப் பிள்ளைகளிடம் முரண்டு, அடிதடி, ஒழுங்கீனம் எல்லாம் குறைந்து, ஏழ்மையே அறியாத பிள்ளைகளின் அளவுக்கு வந்துவிட்டது. ஏன் என்று தோண்டினால், பெற்றோருக்குப் பிள்ளையைக் கவனிக்க நேரம் கிடைத்திருந்தது. நீங்கள் இரண்டு வேலை பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். ஜீவனாம்சம் கேட்பதை மானப்பிரச்சினையாக வைத்துக்கொண்டு தள்ளிப்போட வேண்டாம். பிள்ளைக்கு அது உரிமை. 2005இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் பிள்ளைக்கும் சேர்த்துப் பராமரிப்புத் தொகை கேட்கலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், 181 என்ற பெண்கள் உதவி எண்ணிலும் வழி கேட்கலாம். அதில் கிடைக்கும் தொகையில் சாயங்கால வேலை ஒன்றை விட முடிந்தால், பையனுக்கு அதைவிடப் பெரிய மருந்தை நான் எழுதித் தர முடியாது.

இனி வீட்டில் என்ன செய்வது. பேட்டர்சனோடு வேலை செய்த மரியன் ஃபோர்கேட்ச் என்பவர் உங்களைப்போலவே சமீபத்தில் பிரிந்த 238 அம்மாக்களை எடுத்துக்கொண்டார், எல்லாருக்கும் ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்புவரை படிக்கும் பையன். ஒரு பகுதியினருக்கு மட்டும் குழுவாக உட்கார வைத்து 14 வாரம் பயிற்சி. பையன்களிடம் நேரடியாக ஒன்றுமே செய்யவில்லை, அம்மாக்களுக்கு மட்டும்தான். ஒன்பது வருஷம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற அம்மாக்களின் பையன்கள் போலீஸில் மாட்டியது குறைவாக இருந்தது. அப்பாக்கள் யாரும் திரும்பி வந்ததால் நடந்தது அல்ல இது. அந்தப் பயிற்சியில் சொல்லித்தரும் விஷயங்கள் கேட்பதற்கு மிகச் சாதாரணமாக இருக்கும், ஆனால் செய்வது கஷ்டம்.

முதலாவது, தினமும் பத்து நிமிஷம் அவனோடு, அவன் சொல்கிற விளையாட்டை. போன் இல்லாமல், பாடம் இல்லாமல், புத்திமதி இல்லாமல். அன்றைக்கு அவன் எவ்வளவு மோசமாக நடந்திருந்தாலும் அந்தப் பத்து நிமிஷத்தைப் பறிக்கக் கூடாது. இது சலுகை மாதிரித் தெரியும், ஆனால் கெட்டது செய்தால் மட்டுமே அம்மாவின் முழுக்கவனம் கிடைக்கும் என்று இருக்கிற நிலையை இதுதான் மாற்றுகிறது. கூடவே, அவன் சரியாகச் செய்யும் சின்ன விஷயத்தை அந்த இடத்திலேயே பெயர் சொல்லிச் சொல்லுங்கள். வெறும் "குட் பாய்" வேண்டாம். "கோபம் வந்தும் கை நீட்டாம நின்ன பாரு, அது பெரிய விஷயம்" என்று எது நல்லது என்று தெரியும்படி சொல்லுங்கள்.

அப்புறம் போன். எட்டு மணிச் சண்டையை எட்டு மணிக்குத் தீர்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் நல்ல மனநிலையில் இருக்கும்போது சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும்: சாப்பாட்டுக்கு முன்னால் அரைமணி, கூப்பிட்டதும் வைத்தால் நாளைக்கும் அரைமணி, வைக்காமல் அடித்தால் நாளைக்கு இல்லை. அவ்வளவுதான், ஒரு வாரத்துக்கு, ஒரு மாதத்துக்கு என்று பெரிய தண்டனை வேண்டாம், உங்களால் காப்பாற்ற முடியாது. கூப்பிடும்போது அடுப்படியிலிருந்து கத்தாதீர்கள், பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, ஒரே ஒருமுறை சொல்லுங்கள். அவன் கத்தினால் நீங்கள் பேசவே வேண்டாம். அடித்தால் கையைப் பிடித்து "அடிக்க விடமாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இரண்டடி தள்ளிப் போய்விடுங்கள். ஆனால் போன் மட்டும் அன்றைக்குத் திரும்ப வரக் கூடாது.

ஒன்றை முன்கூட்டியே எச்சரிக்கிறேன். விட்டுக்கொடுப்பதை நிறுத்திய முதல் சில நாட்கள், சில வீடுகளில் இரண்டு வாரம்கூட, அவன் அடம் இப்போதைவிட அதிகமாகும். இத்தனை நாள் பலித்த வழி ஏன் பலிக்கவில்லை என்று இன்னும் பலமாக முயற்சி செய்து பார்ப்பான். நிறைய அம்மாக்கள் இந்த இடத்தில்தான் "இதெல்லாம் நம்ம பிள்ளைக்குச் சரிவராது" என்று கைவிடுகிறார்கள். நடுவில் விட்டுக்கொடுத்தால் எவ்வளவு கத்தினால் நீங்கள் உடைவீர்கள் என்ற புது அளவு அவனுக்குத் தெரிந்துவிடும், அது ஆரம்பிக்காமலே இருந்ததைவிட மோசம். அதனால் உங்களுக்குப் பக்கபலம் இருக்கிற ஒரு வாரம் பார்த்து, உங்கள் அம்மாவோ தங்கையோ வந்து தங்கக்கூடிய நேரத்தில் ஆரம்பியுங்கள். பக்கத்து வீட்டிலும் "ஒரு வாரம் சத்தம் வரும்க்கா, பிள்ளையைப் பழக்கறேன்" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள், பாதி பயம் போய்விடும்.

நீங்கள் ஒருநாள் பொறுமையிழந்து கத்திவிட்டால், அல்லது அடித்தேவிட்டால், அதையும் சரிசெய்ய முடியும். பெரியவர்களின் சண்டையைப் பார்க்கும் பிள்ளைகளைப் பல வருஷம் ஆராய்ந்த மார்க் கம்மிங்ஸ் கண்டது, சண்டை தீராமல் தொங்கிக்கொண்டிருந்தால்தான் பிள்ளை அதிகம் தவிக்கிறது, பெரியவர்கள் சமாதானமாவதைக் கண்ணால் பார்த்தால் அந்தத் தவிப்பு நன்றாகவே குறைகிறது. "அம்மா அப்ப கத்தினது தப்பு, எனக்கும் கோபம் வந்துச்சு" என்று அவனிடம் சொல்லுங்கள். அப்பா ஒருநாளும் சொல்லாத வார்த்தையாக அது இருக்கும்.

அவன் பார்த்ததைப் பற்றி அவனோடு யாராவது பேசியிருக்கிறார்களா? பிள்ளை மறந்திருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வீட்டில் அடிதடி பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் பலருக்கு எதிரே வருபவன் எல்லாம் அடிக்கத்தான் வருகிறான் என்று தோன்றும். கென்னத் டாட்ஜ் என்ற உளவியலாளர் இதை நன்றாகக் காட்டியிருக்கிறார்: தெரியாமல் இடித்த பையனையும் வேண்டுமென்றே இடித்ததாகத்தான் இந்தப் பிள்ளைகள் படித்துக்கொள்வார்கள், அதனால் முந்திக்கொண்டு அடிப்பார்கள். டீச்சரிடம் இந்த ஒன்றையாவது சொல்லிவிடுங்கள். உங்கள் குடும்பக் கதை முழுவதும் அவருக்குத் தேவையில்லை. "வீட்டில் சண்டை பார்த்த பிள்ளை, யாராவது மேலே பட்டால் பயந்துவிடுவான், வரிசையில் கடைசியில் நிற்க வையுங்கள், அடித்தால் என்ன நடந்தது என்று முதலில் அவனிடம் தனியாகக் கேளுங்கள்" என்றால் பெரும்பாலான ஆசிரியர்கள் செய்வார்கள். வகுப்பில் அடித்துத் திருத்துகிறோம் என்று சொன்னால், கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆவது பிரிவு அதைத் தடைசெய்கிறது என்பதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

குடும்பம்தான் காரணம் என்று முடிவுகட்டி, உடம்பைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது. காது சரியாகக் கேட்காத பிள்ளை, எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாமல் வகுப்பில் தினமும் அவமானப்படும் பிள்ளை, தூக்கம் போதாத பிள்ளை, ஓரிடத்தில் நிற்க முடியாத அதீதத் துறுதுறுப்பு உள்ள பிள்ளை, இவர்கள் எல்லாருமே கை நீட்டலாம். ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனைகளில் இருக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையங்களில் 18 வயதுவரை பார்ப்பார்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, போனில் பேச வேண்டுமென்றால் டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416 தமிழிலேயே கிடைக்கும். சாகப்போகிறேன் என்று சொல்கிறான், பிராணிகளைத் துன்புறுத்துகிறான், நெருப்பு வைக்கிறான், கத்தி எடுக்கிறான் என்றால் மேலே சொன்னதையெல்லாம் முயற்சி செய்துகொண்டு காத்திருக்காமல் உடனே போங்கள்.

கடைசியாக உங்கள் அண்ணன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்குத் தெரிந்த பாஷையில் பாசம் காட்டுகிறார். அவரிடம் அதட்டலைக் கேட்காதீர்கள், நேரத்தைக் கேளுங்கள். வாரம் ஒருநாள் பையனைக் கூட்டிப்போய்ப் பந்து விளையாடட்டும், சைக்கிள் பஞ்சர் ஒட்டக் காட்டிக்கொடுக்கட்டும், டீக்கடையில் ஒரு பன் வாங்கித் தரட்டும். கோபம் வந்தும் கை ஓங்காத ஓர் ஆணை அவன் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும், இதுவரை பார்த்ததில்லை. அந்த இரண்டு மணி நேரம் நீங்கள் தூங்குங்கள், துணி துவைக்க வேண்டாம். "எப்பவாவது வாண்ணே" என்றால் வரமாட்டார், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள்.